ஜான் போஸ்டல்

ஜொனாதன் புரூஸ் போஸ்டல் (ஆகஸ்ட் 6, 1943 – அக்டோபர் 16, 1998) அமெரிக்காவைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் ஆவார். சுருக்கமாக ஜான் போஸ்டல் என அறியப்பட்டார். இணையத்தின் அடிப்படை நெறிமுறை ஆவணங்கள் பலவற்றைத் தொகுத்து எழுதியவர் இவரே. இணைய முகவரிகள், சேவை எண்கள், ஆள்களப் பெயர்கள் ஆகியவற்றின் பதிவேட்டை 1970களின் தொடக்கத்திலிருந்து தம் இறப்புவரை பேணிவந்தார். அப்பதிவேட்டுப் பணி பின்னாளில் ஐயானா என்ற பெயரைப் பெற்றது.

லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளம் ஒன்றை நிறுவி, அக்கணினியை வலையமைப்பில் இணைக்கும் ஒருவர் நிரப்ப வேண்டிய விவரங்கள் நான்கே: முகவரி, சப்நெட் மாஸ்க் எனப்படும் மறைப்பெண், நுழைவாயில், பெயர் வழங்கி. இந்நான்கில் எதை எடுத்துக்கொண்டாலும் போஸ்டல் எழுதிய, தொகுத்த அல்லது வெளியிட்ட ஆவணம் ஒன்று அதன் பின்னால் இருக்கும். லினஸ் டோர்வால்ட்சையும் டிம் பெர்னர்ஸ் லீயையும் அறிந்த மாணவர்கள் பலர் இவரை அறிவதில்லை. இவர் நிறுவனம் எதையும் தொடங்கவில்லை. விற்பனைக்குரிய பொருள் எதையும் உருவாக்கவில்லை. எண்களையும் ஆவணங்களையும் ஒழுங்காக வைத்துக்கொண்டார்.

இளமையும் கல்வியும்

போஸ்டல் கலிபோர்னியா மாநிலத்தின் ஆல்டடீனா என்னும் ஊரில் பிறந்தார். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியிலுள்ள வான் நைஸ் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். பின்னாளில் இணையத்தை உருவாக்குவதில் பெரும்பங்கு வகித்த விண்டன் செர்ஃப், ஸ்டீவ் குரோக்கர் ஆகிய இருவரும் இதே பள்ளியின் மாணவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1966 இல் பொறியியல் இளநிலைப் பட்டமும், 1968 இல் முதுநிலைப் பட்டமும், 1974 இல் கணினி அறிவியலில் முனைவர் பட்டமும் பெற்றார். கணினித் தொடர்பு நெறிமுறைகளைக் கோட்டுருக்களாக வரைந்து பகுத்தாய்வதே இவருடைய முனைவர் பட்ட ஆய்வு. இரண்டு கணினிகள் ஒன்றுக்கொன்று பேசும்போது எந்த நிலையில் எது காத்திருக்கும், எந்த நிலையில் இரண்டுமே சிக்கி நின்றுவிடும் என்பதை முன்கூட்டியே கண்டறிய முடியுமா என்ற கேள்வி அதன் உள்ளே இருந்தது. நெறிமுறைகளை இப்படிப் பார்க்கும் பழக்கம் பின்னர் இவர் எழுதிய ஆவணங்களிலும் தொடர்ந்தது.

மாணவராக இருந்தபோது லியோனார்ட் கிளைன்ராக் தலைமையிலான வலையமைப்பு அளவீட்டு மையத்தில் பணியாற்றினார். ஆர்ப்பாநெட் என்னும் ஆய்வு வலையமைப்பின் முதல் முனை 1969 ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்குதான் நிறுவப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 29 அன்று இங்கிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் கணினிக்கு முதற்செய்தி அனுப்பப்பட்டது. இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்ததும் மறுமுனைக் கணினி செயலிழந்துவிட்டது.

எண்களின் பதிவேடு

ஒரே கணினியில் பல சேவைகள் இயங்கும்போது, வந்து சேரும் செய்தி எந்தச் சேவைக்கு உரியது என்பதை ஓர் எண்ணால் குறிக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எண்களை வைத்துக்கொண்டால் ஒருவரோடு ஒருவர் தொடர்புகொள்ள இயலாது. 1972 மே மாதம் 30 ஆம் நாள் போஸ்டல் ஒரு சிற்றாவணத்தை வெளியிட்டார். எந்தச் சேவைக்கு எந்த எண் என்பதை முடிவு செய்து வழங்கும் பொறுப்பை ஒரே ஆளிடம் விடவேண்டும் என்று அதில் முன்மொழிந்தார். அந்த ஆள் தானாகவே இருக்கலாமோ என்று அடைப்புக்குறிக்குள் ஒரு கேள்விக்குறியையும் சேர்த்திருந்தார். எதிர்ப்பு எதுவும் எழவில்லை. அடுத்த 26 ஆண்டுகள் அப்பொறுப்பு அவரிடமே இருந்தது.

அதே 1972 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் அஞ்சல் குறியீட்டு எண் முறை நடைமுறைக்கு வந்தது. இரண்டிற்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் எண்பதிவேடு என்றால் என்ன என்பதை விளக்க இந்த ஒப்பீடு உதவும். கோவில்பட்டியின் அஞ்சல் குறியீடு 628501. இதன் முதல் இலக்கமான 6 தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட தென்பகுதியைக் குறிக்கிறது. முதல் மூன்று இலக்கங்கள் தூத்துக்குடிப் பகுதியைக் குறிக்கின்றன. கடைசி மூன்று இலக்கங்கள் அஞ்சலகத்தைக் காட்டுகின்றன. தில்லியில் கடிதத்தைப் பிரிக்கும் ஊழியருக்குக் கோவில்பட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை; முதல் இலக்கத்தைப் பார்த்துத் தெற்கே அனுப்பினால் போதும். இணைய முகவரியும் இவ்வாறே முன்பகுதியைக் கொண்டு வழி காட்டப்படுகிறது. ஒரே எண்ணை இரண்டு ஊர்களுக்குக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஓரிடத்தில் ஒரு பேரேடு இருந்தாக வேண்டும். இந்தியாவில் அதை அஞ்சல் துறை பார்த்துக்கொண்டது. இணையத்தில் அதைப் பார்த்துக்கொண்டவர் ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர்; தொடக்க காலத்தில் அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்ததாகக் கூறுவர்.

1977 மார்ச்சில் போஸ்டல் தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். இது கடற்கரையை ஒட்டிய மரினா டெல் ரே என்னும் இடத்தில் உள்ளது. இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். ஒதுக்கப்பட்ட எண்களின் பட்டியலை 1983 முதல் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்னும் சக பணியாளருடன் இணைந்து வெளியிட்டார். போஸ்டலைப் பற்றி எழுதுவோர் ரெனால்ட்ஸின் பங்கைப் பெரும்பாலும் ஓரிரு சொற்களில் கடந்துவிடுகின்றனர். அது சரியன்று, அன்றாடக் கோரிக்கைகளில் பலவற்றுக்கு விடையளித்தவர் அவரே. அவர் 2015 டிசம்பரில் காலமானார்.

இப்பதிவேடு எப்படி இயங்கியது என்பதற்கு ஒரு நிகழ்வு போதும். 1995 ஆம் ஆண்டு ஜூலையில் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாட்டு யுலொனென் என்னும் இளம் ஆய்வாளர், தொலைவிலுள்ள கணினியில் பாதுகாப்பாக நுழைவதற்கு எஸ்எஸ்எச் என்ற மென்பொருளை எழுதியிருந்தார். கோப்புப் பரிமாற்றத்துக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று இருந்தன. இடையிலிருந்த 22 காலியாக இருந்தது. அதைத் தமக்குத் தருமாறு மின்னஞ்சல் அனுப்பினார். மறுநாளே ரெனால்ட்ஸிடமிருந்து ஒப்புதல் வந்துவிட்டது. கட்டணமும் இல்லை, படிவக்கட்டும் இல்லை. இன்று உலகெங்கும் லினக்ஸ் வழங்கிகளை நிருவகிப்போர் பயன்படுத்துவது அந்த 22 ஆம் எண்ணைத்தான்.

ஆர்எஃப்சி ஆசிரியர்

இணைய நெறிமுறைகள் ஆர்எஃப்சி எனப்படும் கருத்துக் கேட்பு ஆவணங்களாக வெளியிடப்படுகின்றன. இவ்வரிசையின் முதல் ஆவணத்தை 1969 ஏப்ரல் 7 அன்று ஸ்டீவ் குரோக்கர் எழுதினார். அதன்பின் சில ஆண்டுகளில் ஆசிரியர் பணியைப் போஸ்டல் ஏற்றார். அவர் இறந்தபோது ஆவணங்களின் எண்ணிக்கை 2,400 ஐத் தாண்டியிருந்தது. இவற்றில் 200 க்கும் மேற்பட்டவற்றை அவர் தனியாகவோ பிறருடன் சேர்ந்தோ எழுதியுள்ளார்.

இவ்வாவணங்களைப் படிக்க எவரும் பணம் செலுத்த வேண்டியதில்லை. படியெடுத்துப் பிறருக்கு வழங்கத் தடையும் இல்லை. எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய எளிய உரைக்கோப்புகளாகவே அவை இருந்தன. அக்காலத்தில் பன்னாட்டுத் தர நிறுவனங்கள் தம் தர ஆவணங்களை விலைக்கு விற்றுவந்தன. பின்னாளில் கட்டற்ற மென்பொருள் எழுதியவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிதும் உதவியது. ஒரு மாணவர் தம் அறையில் அமர்ந்தபடி ஆவணத்தைப் பெற்று, அதன்படி நிரல் எழுதி, வேறொரு நாட்டில் வேறொருவர் எழுதிய நிரலோடு பேசச் செய்ய முடிந்தது. லினக்ஸின் வலையமைப்பு நிரல் 1992 முதல் இப்படித் தன்னார்வலர்களால் எழுதப்பட்டதுதான்.

ஆசிரியராகப் போஸ்டல் கண்டிப்பானவர். தெளிவற்ற வரைவுகளைத் திருப்பி அனுப்பிவிடுவார். நகைச்சுவைக்கும் அவரிடம் இடமிருந்தது. ஏப்ரல் முதல் நாளில் கேலி ஆவணங்களை வெளியிடும் வழக்கத்தை அவர் அனுமதித்தார். புறாக்களின் காலில் கட்டி இணையப் பொதிகளை அனுப்பும் முறையை விவரிக்கும் 1990 ஆம் ஆண்டு ஆவணம் அவற்றுள் புகழ்பெற்றது. 2001 ஏப்ரலில் நார்வேயின் பெர்கன் நகர லினக்ஸ் பயனர் குழுவினர் அதை மெய்யாகவே செயல்படுத்தினர். ஒன்பது பொதிகளை அனுப்பியதில் நான்கிற்கு விடை வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஒரு மணி முதல் ஒன்றே முக்கால் மணி நேரம் வரை ஆனது.

நெறிமுறைகள்

இணைய நெறிமுறைகளின் அடிப்படைக் கருத்து விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகியோருடையது. தொடக்கத்தில் டிசிபி என்ற ஒரே நெறிமுறையே இருந்தது. பொதிகளை வழிநடத்துவது, தொலைந்தவற்றை மீண்டும் அனுப்புவது ஆகிய இரண்டு வேலைகளையும் அதுவே செய்தது. 1977 ஆகஸ்டில் போஸ்டல் எழுதிய குறிப்பொன்று இதை மறுத்தது. இடையிலுள்ள கணினிகள் செய்ய வேண்டிய வேலையையும் இரு முனைகள் மட்டும் செய்ய வேண்டிய வேலையையும் ஒன்றாகக் கலப்பது அடுக்கமைப்பைக் குலைக்கும் என்று அதில் வாதிட்டார். 1978 இல் அது ஐபி, டிசிபி என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. இவ்வாறு பிரித்ததால்தான், தொலைந்த பொதிகளைப் பற்றிக் கவலைப்படாமல் விரைந்து அனுப்பும் யுடிபி போன்ற நெறிமுறைகளையும் அதே ஐபியின் மேல் அமைக்க முடிந்தது.

யுடிபி ஆவணத்தைப் போஸ்டல் 1980 ஆகஸ்டில் எழுதினார். அது மூன்றே பக்கம் கொண்டது. 1981 செப்டம்பரில் ஐபி, ஐசிஎம்பி, டிசிபி ஆகிய மூன்றின் ஆவணங்களும் அவருடைய தொகுப்பில் வெளிவந்தன. அவற்றின் வரிசை எண்கள் 791, 792, 793. மின்னஞ்சலை அனுப்பும் எஸ்எம்டிபி நெறிமுறையை 1982 ஆகஸ்டில் எழுதினார். அஞ்சலை நினைவூட்டும் பெயர் கொண்டவரே மின்னஞ்சலுக்கு விதி வகுத்தது தற்செயலே. ரெனால்ட்ஸுடன் இணைந்து 1983 இல் டெல்நெட், 1985 இல் கோப்புப் பரிமாற்ற நெறிமுறை ஆகியவற்றின் இறுதி வடிவங்களை வெளியிட்டார்.

ஒரு நிரல் தான் அனுப்புவதில் கண்டிப்பாகவும், பிறரிடமிருந்து ஏற்றுக்கொள்வதில் தாராளமாகவும் இருக்க வேண்டும் என்ற கொள்கை இவர் பெயரால் போஸ்டல் விதி எனப்படுகிறது. வெவ்வேறு ஆட்கள் எழுதிய அரைகுறை நிரல்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிய காலத்தில் இது மிகவும் பயன்பட்டது. பிற்காலத்தில் இவ்விதி மறுபரிசீலனைக்கு உள்ளானது. பிழையான பொதிகளைத் தாராளமாக ஏற்பதால் பிழைகள் திருத்தப்படாமல் நிலைத்துவிடுகின்றன, பாதுகாப்புக் குறைபாடுகளும் உண்டாகின்றன என்று 2023 இல் வெளியான ஓர் ஆர்எஃப்சி ஆவணம் எடுத்துரைத்தது.

ஆர்ப்பாநெட்டின் பழைய நெறிமுறையிலிருந்து டிசிபி/ஐபிக்கு மாறுவதற்கான திட்டத்தை 1981 நவம்பரில் போஸ்டலே எழுதினார். 1983 ஜனவரி 1 மாற்றத்துக்குரிய நாளாகக் குறிக்கப்பட்டது. பலரும் வேலையைத் தள்ளிப்போட்டனர். ஆகவே 1982 இன் நடுவில் ஒரு நாளும், பின்னர் இரண்டு நாள்களும் பழைய நெறிமுறை வேண்டுமென்றே நிறுத்திவைக்கப்பட்டது. ஆயத்தமாகாதவர்களின் தொடர்பு அறுந்தது. அதன்பின் வேலை விரைவாக நடந்தது. அதே 1983 இல் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸ் பதிப்பில் டிசிபி/ஐபி இணைக்கப்பட்டு வெளிவந்தது. இன்றைய லினக்ஸில் காணப்படும் பல கோப்புப் பெயர்களும் கட்டளைப் பெயர்களும் அங்கிருந்து வந்தவை.

லினக்ஸ் கணினியில் போஸ்டலின் பணி

தமிழ்நாட்டின் பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூலில் 2018 முதல் உபுண்டு லினக்ஸ் அறிமுகப்படுத்தப்பட்டுள்ளது. கோவில்பட்டி போன்ற ஊரில் ஒரு பள்ளியின் கணினி அறையில் உபுண்டு நிறுவிய கணினி ஒன்றை வலையமைப்பில் இணைப்பதாக வைத்துக்கொள்வோம். போஸ்டலின் வாழ்நாள் பணி எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

முதலில் முகவரி. இத்தகைய அறைகளில் 192.168.1.10 என்பது போன்ற முகவரி வழங்கப்படும். 192.168 என்று தொடங்கும் 65,536 முகவரிகளும், 10 என்று தொடங்கும் 1,67,77,216 முகவரிகளும், 172.16 முதல் 172.31 வரையிலானவையும் யாருக்கும் தனியுரிமையின்றி உள்வலையமைப்புகளுக்கென ஐயானாவால் ஒதுக்கிவைக்கப்பட்டவை. இதனை 1994 இலும் 1996 இலும் வெளிவந்த ஆவணங்கள் வரையறுத்தன. கரிசல் காட்டு ஊர்களில் மேலத்தெரு இல்லாத ஊரைக் காண்பது அரிது. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலும் மேலத்தெருவில் பத்தாம் எண் வீடு இருக்கும். விளாத்திகுளம் பக்கத்து ஊரிலும் இருக்கும். ஊருக்குள் கடிதம் கொடுப்பவருக்கு அது போதும், குழப்பம் வராது. வெளியூரிலிருந்து கடிதம் வரவேண்டுமானால்தான் ஊர்ப்பெயரும் அஞ்சல் குறியீடும் தேவை. இணையத்தில் அந்த வெளிமுகவரியைத் திசைவி வைத்துக்கொள்கிறது. ஐபி நான்காம் பதிப்பில் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகளே உண்டு. ஐயானாவிடம் மீதமிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று மண்டலப் பதிவகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்தன. உள்முகவரி ஏற்பாடு இல்லாவிட்டால் அவை இன்னும் முன்னதாகவே தீர்ந்திருக்கும்.

அடுத்தது மறைப்பெண். 255.255.255.0 என்று எழுதினால், முகவரியின் முதல் மூன்று பகுதிகள் தெருவையும் கடைசிப் பகுதி வீட்டையும் குறிப்பதாகப் பொருள். புதிய பதிப்புகளில் இதையே சாய்கோட்டுக்குப் பின் 24 என்று எழுதுவர். ஒரு பெரிய வலையமைப்பை உள்ளுக்குள் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் இம்முறையை 1985 ஆகஸ்டில் ஜெஃப்ரி மொகுலும் போஸ்டலும் இணைந்து வரையறுத்தனர். மறைப்பெண் தவறாக இருந்தால் விளையும் பிழை சற்று விசித்திரமானது. சில கணினிகளுடன் தொடர்பு கிடைக்கும், சிலவற்றுடன் கிடைக்காது. அடுத்த தெருவில் உள்ளதைத் தன் தெருவிலேயே உள்ளதாக எண்ணி, கணினி திசைவியிடம் கொடுக்காமல் தானே தேடிக்கொண்டிருக்கும்.

நுழைவாயில் என்பது வெளியே செல்லும் பொதிகளை ஒப்படைக்க வேண்டிய திசைவியின் முகவரி. அது கணினியின் அதே தெருவில் இருக்க வேண்டும். பெயர் வழங்கி என்பது பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் கணினியின் முகவரி. உபுண்டுவில் இவ்விவரங்களை முன்னர் இஃப்கான்ஃபிக், ரூட் ஆகிய கட்டளைகளால் அமைத்தனர். இப்போது அவற்றின் இடத்தை ஐபி என்ற கட்டளை பிடித்துக்கொண்டது. நிலையாகச் சேமிக்க நெட்பிளான் கோப்பு அல்லது நெட்வொர்க் மேனேஜர் பயன்படுகிறது. கருவிகள் மாறினாலும் நிரப்ப வேண்டிய விவரங்கள் மாறவில்லை.

இயங்குதளத்தின் இடிசி அடைவினுள் சர்வீசஸ் என்றொரு கோப்பு உண்டு. ஒவ்வொரு சேவையின் பெயரும் அதன் எதிரே எண்ணும் வரிசையாக இருக்கும்: எஸ்எஸ்எச் 22, மின்னஞ்சல் 25, பெயர் வழங்கி 53, வலைத்தளம் 80. போஸ்டலும் ரெனால்ட்ஸும் வெளியிட்டுவந்த பட்டியலின் வழிவந்ததே இக்கோப்பு. அதே அடைவிலுள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பு அதைவிடப் பழைய மரபினது. ஆள்களப் பெயர் முறை வருவதற்கு முன் உலகிலிருந்த கணினிகள் அனைத்தின் பெயரும் எண்ணும் இத்தகைய ஒரே கோப்பில் இருந்தன. அதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு பராமரித்தது. லினக்ஸ் கணினி இன்றும் பொதுவாக இக்கோப்பைப் பார்த்த பின்னரே பெயர் வழங்கியிடம் கேட்கிறது. ஆகவே இதில் ஒரு தவறான வரி இருந்தால், பெயர் வழங்கி சரியாக இருந்தும் அந்தத் தளம் திறக்காது.

எல்லாம் அமைத்தபின் சோதிப்பதற்குப் பிங் என்னும் கட்டளை உள்ளது. மைக் முஸ் என்பவர் 1983 டிசம்பரில் இதை எழுதினார். போஸ்டல் 1981 இல் ஐசிஎம்பி ஆவணத்தில் வரையறுத்த எதிரொலிச் செய்தியையே இது பயன்படுத்துகிறது. சோதனையை உள்ளிருந்து வெளியே செய்துகொண்டு போவது நல்லது. முதலில் 127.0.0.1 என்னும் தற்சுழல் முகவரி. 127 இல் தொடங்கும் எண்கள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. இது விடையளித்தால் கணினியின் உள்ளே நெறிமுறை நிரல் சரியாக உள்ளது. அடுத்துத் தன் சொந்த முகவரி, பிறகு பக்கத்துக் கணினி. இங்கே நின்றால் கம்பியையும் மறைப்பெண்ணையும் பார்க்க வேண்டும். பின்னர் நுழைவாயில், அதன்பின் வெளியுலகிலுள்ள ஒரு முகவரி எண், கடைசியாகப் பெயர். எண்ணுக்கு விடை வந்து பெயருக்கு மட்டும் வரவில்லையென்றால் கம்பியைக் கழற்றி மாட்டுவதில் பயனில்லை; பழுது பெயர் வழங்கியின் அமைப்பில் இருக்கிறது. சில வலையமைப்புகளில் பிங் செய்திகளைத் தடுத்துவைத்திருப்பர் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆள்களப் பெயர்கள்

1980களின் தொடக்கத்தில் கணினிகள் பெருகியபோது ஒற்றை ஹோஸ்ட்ஸ் கோப்பு தாங்கவில்லை. மாற்றுவழி காணும் பணியைப் போஸ்டல் தம் நிறுவனத்தில் இருந்த பால் மொக்கபெட்ரிஸிடம் ஒப்படைத்தார். மொக்கபெட்ரிஸ் 1983 நவம்பரில் ஆள்களப் பெயர் முறையை வெளியிட்டார். 1984 அக்டோபரில் போஸ்டலும் ரெனால்ட்ஸும் எழுதிய ஆவணம் காம், எடு, கவ், மில், ஆர்க் ஆகிய முதல்நிலைப் பெயர்களையும், நாடுகளுக்கான ஈரெழுத்துக் குறியீடுகளையும் வரையறுத்தது. கோவில்பட்டியில் நேஷனல் பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டதும் அதே 1984 இல்தான். அக்கல்லூரியின் முதல் மாணவர்கள் பட்டம் பெற்று வெளியேறிய காலத்தில் இந்தியாவிற்கு இணையப் பெயர் கிடைத்தது.

எது நாடு, எது நாடில்லை என்று முடிவு செய்யும் வேலை தமக்கு வேண்டாம் என்று போஸ்டல் கருதினார். பன்னாட்டுத் தர நிறுவனத்தின் நாட்டுக் குறியீட்டுப் பட்டியல் ஏற்கனவே இருந்ததால் அதையே எடுத்துக்கொண்டார். மிகப்பெரிய அரசியல் தலைவலி ஒன்று இதனால் தவிர்க்கப்பட்டது. ஒரு நாட்டுப் பெயரை நிருவகிப்பவர் அதற்கு உரிமையாளர் அல்லர், அந்நாட்டு மக்கள் சார்பிலும் உலக இணையச் சமூகத்தின் சார்பிலும் அதைக் காக்கும் பொறுப்பாளரே என்பதை 1994 மார்ச்சில் எழுதிய ஆவணத்தில் தெளிவுபடுத்தினார்.

இந்தியாவுக்குரிய இன் என்ற பெயர் 1989 மே மாதம் மும்பையிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சென்னை ஐஐடி உள்ளிட்ட கல்வி நிறுவனங்களை இணைத்த எர்நெட் வலையமைப்பில் அம்மையமும் ஓர் உறுப்பு. பொதுமக்களுக்கு விஎஸ்என்எல் நிறுவனம் இணையச் சேவையைத் தொடங்கியது அதற்கு ஆறாண்டுகள் கழித்து, 1995 ஆகஸ்ட் 15 அன்று. இலங்கைக்குரிய எல்கே 1990 இல் வழங்கப்பட்டது. போஸ்டலின் காலத்தில் பெயர்களில் ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமே இடமிருந்தது. இலங்கை, சிங்கப்பூர், இந்தியா ஆகிய மூன்று நாட்டுப் பெயர்களும் 2010, 2011 ஆம் ஆண்டுகளில் தமிழ் எழுத்திலேயே முதல்நிலைப் பெயர்களாகச் சேர்க்கப்பட்டன.

1998 ஆம் ஆண்டுச் சோதனை

1990களில் இணையம் வணிகமயமானது. பெயர்களைப் பதியும் பணியை 1993 முதல் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற தனியார் நிறுவனம் அமெரிக்க அரசின் ஒப்பந்தத்தின் கீழ்ச் செய்துவந்தது. 1995 செப்டம்பரில் அது கட்டணம் வாங்கத் தொடங்கியது. அதுவரை இலவசமாகக் கிடைத்த பெயருக்கு ஆண்டுக்கு 50 டாலர். புதிய முதல்நிலைப் பெயர்களைச் சேர்த்துப் போட்டியை உண்டாக்கப் போஸ்டலும் பிறரும் எடுத்த முயற்சிகள் தடைப்பட்டன. இணையத்தின் பெயர்ப் பட்டியல் யாருடையது என்ற கேள்வி முதன்முறையாகக் கூர்மையடைந்தது.

உலகின் பெயர் வழங்கிகள் அனைத்திற்கும் தலையாக அக்காலத்தில் 13 மூல வழங்கிகள் இருந்தன. அவற்றில் முதன்மையானதை நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் வைத்திருந்தது. ஏனைய 12 வழங்கிகளும் அதிலிருந்தே பட்டியலைப் படியெடுத்துக்கொண்டன. 1998 ஜனவரி 28 அன்று போஸ்டல் அந்த 12 இல் எட்டு வழங்கிகளின் நிருவாகிகளுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். இனி ஐயானாவின் கணினியிலிருந்து பட்டியலை எடுத்துக்கொள்ளுமாறு அதில் கேட்டுக்கொண்டார். எட்டுப் பேரும் அவ்வாறே செய்தனர். ஏனையவை மட்டும் பழைய நிலையில் நின்றன.

பட்டியலில் மாற்றம் எதுவும் செய்யப்படாததால் பயனர் ஒருவரும் இதை உணரவில்லை. ஆனால் வாஷிங்டனில் பெரும் பரபரப்பு உண்டானது. அதிபர் கிளிண்டனின் இணையக் கொள்கை ஆலோசகரான ஐரா மேகசீனர் கடுமையாக எச்சரித்து, எல்லாவற்றையும் பழையபடி மாற்றுமாறு உத்தரவிட்டார். போஸ்டல் அதற்கு இணங்கினார். இது ஒரு சோதனை மட்டுமே என்று விளக்கமளித்தார். ஓர் அரசு தன் கையில் இருப்பதாக நினைத்த ஒன்றை, எந்தச் சட்ட அதிகாரமும் இல்லாத ஒருவர் ஒரே கடிதத்தால் இடம்மாற்றிக் காட்டிவிட்டார் என்று ஒரு சாரார் இதைக் கருதினர். உலகம் நம்பியிருக்கும் கட்டமைப்பில் தனியொருவர் இவ்வாறு கை வைக்க முடிவதே ஆபத்து என்று மறுசாரார் கருதினர். இரண்டு வாதங்களிலும் உண்மை உண்டு. எட்டு நிருவாகிகளும் அரசாணை எதுவும் கேட்காமல் அம்மின்னஞ்சலுக்குப் பணிந்தது, கால் நூற்றாண்டாக அவர் ஈட்டியிருந்த நம்பிக்கையின் காரணமாகவே என்பதில் ஐயமில்லை.

சில நாள்களில் அமெரிக்க அரசு, இப்பொறுப்பை இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்றிடம் ஒப்படைக்கும் முன்வரைவை வெளியிட்டது. 1998 செப்டம்பர் 30 அன்று ஐகேன் என்னும் அமைப்பு கலிபோர்னியாவில் பதிவு செய்யப்பட்டது. அதனை உருவாக்கும் பணியில் போஸ்டல் முன்னின்றார்.

மறைவு

போஸ்டலுக்கு இதய வால்வில் கோளாறு இருந்தது. 1991 இல் ஒருமுறை அறுவை சிகிச்சை செய்துகொண்டார். இரண்டாவது சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கல்களால் 1998 அக்டோபர் 16 அன்று லாஸ் ஏஞ்சலஸில் காலமானார். அப்போது அவருக்கு வயது 55. ஐகேன் பதிவு செய்யப்பட்டு 16 நாள்களே ஆகியிருந்தன. அடுத்த நாளே விண்டன் செர்ஃப் எழுதிய இரங்கலுரை, போஸ்டல் தொகுத்துவந்த அதே ஆவண வரிசையில் 2468 ஆம் எண்ணாக வெளியிடப்பட்டது.

நீண்ட தாடியும் காலணியாகச் செருப்பும் இவருடைய அடையாளங்கள். சியரா நெவாடா மலைகளில் முதுகுப்பையுடன் நடப்பதில் விருப்பமுள்ளவர். இணையச் சங்கத்தில் முதல் தனிநபர் உறுப்பினராகச் சேர்ந்தவரும் இவரே. அச்சங்கம் 1999 முதல் இவர் பெயரில் ஆண்டுதோறும் விருது வழங்கிவருகிறது. முதல் விருது இவருக்கே மறைவிற்குப் பின் அளிக்கப்பட்டது. நேபாள மலைக்கிராமங்களைக் கம்பியில்லா வலையமைப்பால் இணைத்த மகாபீர் புன் 2014 இல் இவ்விருதைப் பெற்றார். 2012 இல் போஸ்டலின் பெயர் இணையப் புகழரங்கில் சேர்க்கப்பட்டது.

ஐயானாவின் பணிகளின் மீது அமெரிக்க அரசுக்கு இருந்த மேற்பார்வை ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1 அன்று முடிவுக்கு வந்தது. பதிவேட்டைப் பேணும் பணியை ஐகேன் தொடர்ந்து மேற்கொண்டுவருகிறது.